ஒதுக்கீட்டு ஆணையில் இல்லாத பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் உள்ள குடியிருப்புகள் அகற்றப்படும் செய்திகள் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. எத்தனை வீடுகள் இடிக்கப்பட்டன, எத்தனை குடும்பங்களுக்கு மாற்று வீடு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு நிலம் மீட்கப்பட்டது என்ற மூன்று கணக்குகளும் அவற்றில் இருக்கும். அந்த வீடுகளில் இருந்த பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வகுப்பில் படித்தார்கள், இடம் மாறிய பிறகு எந்தப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார்கள் என்ற நான்காவது கணக்கை மட்டும் நான் எங்கும் பார்த்ததில்லை. அந்தக் கணக்கைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். நீளமாக எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும்.

நான் சென்னையில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கடைசியாகத் தலைமையாசிரியையாக இருந்த நடுநிலைப் பள்ளி, கூவம் ஆற்றிலிருந்து ஐந்து நிமிட நடைத் தொலைவில் இருந்தது. எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஆற்றங்கரையிலிருந்துதான் வந்தார்கள். மழைக்காலத்தில் அவர்களுடைய புத்தகங்களை மேசை மீது விரித்துக் காயவைப்பது எங்களுக்கு வழக்கமான வேலை. ஆகவே, ஆற்றங்கரை வாழ்வைச் சொர்க்கம் போல வருணிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை நேரில் பார்த்த எவருக்கும் அந்த எண்ணம் வராது.

நான் பணியில் இருந்தபோது ஒரு டிசம்பர் மாதம், அரையாண்டுத் தேர்வின் மூன்றாம் நாள், கணக்குத் தேர்வுக்கு வினாத்தாளைப் பிரித்துவிட்டுப் பார்த்தால் ஏழாம் வகுப்பில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. வாசலுக்கு வந்து பார்த்தேன். தெரு முனை வரை குட்டியானை வண்டிகள் வரிசையாக நின்றன. பீரோ, கட்டில், எரிவாயு உருளை, போர்வையில் சுற்றிய தொலைக்காட்சிப் பெட்டி என்று ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூட்டைகளின் மேல் சீருடையோடு என் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி இறங்கி ஓடிவந்து, "டீச்சர், எக்ஸாம் எழுதிட்டு வர்றேன்னு சொன்னேன், வண்டி நிக்காதுன்றாங்க டீச்சர்" என்றாள். அங்கே நின்ற அலுவலர் ஒருவரிடம், தேர்வு முடிய இன்னும் நான்கு நாட்கள்தான் இருக்கின்றன, அதுவரை பொறுக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது அம்மா. எல்லா ஏற்பாடும் செய்திருக்கிறோம்."

அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட படிவத்தில் பள்ளி என்ற கட்டத்தில் "உண்டு" என்று எழுதியிருந்திருக்கும். ஆனால், ஒரு பள்ளி இருப்பது வேறு. அதில் ஜனவரி மாதம் ஏழாம் வகுப்பில் இந்தப் பிள்ளைக்கு ஓர் இடமும், அவள் கைக்கு ஒரு கட்டுப் புத்தகமும், அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு நாள் கூலியை விடக்கூடிய தாயும் இருப்பது வேறு.

அந்தப் பிள்ளை புதிய பள்ளியில் சேரவில்லை. மாற்று வீடு கொடுக்கப்பட்ட பெரும்பாக்கத்திலிருந்து எங்கள் பள்ளிக்கே வந்தாள். தூரம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். காலை நாலரைக்கு எழுந்து, இரண்டு பேருந்து மாறி, முதல் மணி அடித்த பிறகு உள்ளே நுழைவாள். இரண்டாம் பாடவேளையில் பையின் மேல் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். அவளை எழுப்ப வேண்டாம் என்று வகுப்பாசிரியைக்குச் சொல்லியிருந்தேன். இலவசப் பயண அட்டை இருந்ததால் அவளுக்குக் காசு செலவில்லை. ஆனால், ஒரு நாளில் நான்கு மணி நேரம் செலவானது. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை நானே தேடிப் போனேன். மின்தூக்கி ஓடவில்லை. ஆறு மாடி ஏறினேன். கதவைத் திறந்தவளின் இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பி இருந்தான். அம்மா கீழ்ப்பாக்கத்தில் இரண்டு வீடுகளில் வேலை செய்பவர். ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்றால் ஐந்து மணிக்கே கிளம்பியாக வேண்டும். அப்பா சந்தையில் மூட்டை தூக்குபவர். நள்ளிரவில் லாரி வரும் வேலை என்பதால் வாரத்தில் ஐந்து நாட்கள் நடைபாதையிலேயே படுத்துவிட்டு, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். ஆற்றங்கரையில் இருந்தபோது தம்பியைப் பக்கத்து வீட்டு ஆயா பார்த்துக்கொள்வார். அந்த ஆயாவுக்கு வேறொரு பிளாக்கில் வீடு விழுந்துவிட்டது. குலுக்கலில் அப்படித்தான் விழும். பால்வாடி இன்னும் திறக்கவில்லை. எஞ்சியது பன்னிரண்டு வயது அக்கா ஒருத்திதான்.

அலமாரியில் புத்தகங்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள். எல்லாம் இரண்டாம் பருவப் புத்தகங்கள். மூன்றாம் பருவப் புத்தகங்கள் ஜனவரியில் பள்ளியில் கொடுக்கப்படுபவை. அவளுக்கான பிரதிகள் எங்கள் அலுவலக அறையில், கட்டுப் பிரிக்காமல், கரையிலிருந்து போன மற்ற பிள்ளைகளின் பிரதிகளோடு இருந்தன.

இதற்குள் பதிவேட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதைச் செய்தவள் நான். தொடர்ந்து வராத மாணவரின் பெயரை நாங்கள் காரணமின்றி வைத்திருக்க முடியாது. கல்வித் துறையின் மின்னணுத் தகவல் மேலாண்மைத் தளமான எமிஸில், பள்ளியை விட்டுப் போன பிள்ளையின் பெயர் 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்கு நகர்த்தப்படும். அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளையின் பெயரை நான்தான் நகர்த்தினேன். காரணம் என்ற இடத்தில் "குடும்ப இடமாற்றம்" என்று குறித்தேன். அது உண்மையும்கூட. ஆனால், அந்த ஒரு சொல்லால் அவள் இடைநின்றவர்கள் கணக்கில் எங்கள் பள்ளியில் சேரவில்லை. சேராத பள்ளியின் கணக்கில் வருவதற்கோ வழியே இல்லை. இரண்டு பள்ளிகளின் பதிவேடுகளும் சுத்தமாக இருந்தன.

இது ஒரு குடும்பத்தின் கதை என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக, தமிழ்நாட்டில் அரசின் உதவி ஒரு ஏழைப் பிள்ளையை எந்த வழியாக வந்தடைகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அது பள்ளி வாசல் வழியாக வருகிறது. 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது இந்த நகரம்தான். பிறகு காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, அதன்பின் வந்த முட்டை, 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவு என்று ஒரு நூற்றாண்டாக நாம் பிள்ளைகளின் வயிற்றை வகுப்பறை வழியாகவே நிரப்பி வருகிறோம். சீருடை, காலணி, புத்தகப் பை, பேருந்து அட்டை, பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டி ஆகியவையும் அதே வாசல் வழியாகவே வருகின்றன. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம்கூட ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசு வழிப் பள்ளியில் படித்ததைத்தான் தகுதியாகக் கேட்கிறது.

இது நல்ல ஏற்பாடு. வெளி மாநிலத்தார் வந்து பார்த்துப் போகும் ஏற்பாடு. ஆனால், இதன் இன்னொரு பக்கத்தை நாம் பேசுவதில்லை. எல்லா உதவியும் ஒரே பதிவேட்டில் கட்டப்பட்டிருப்பதால், அந்தப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயர் கழன்றால் ஒன்றும் மிஞ்சாது. நான் பார்த்த பிள்ளை ஏழாம் வகுப்பில் இழந்தது பாடங்களை மட்டுமல்ல; நாளுக்கு ஒரு வேளைச் சோறு, வாரம் முழுதும் முட்டை, அடுத்த ஆண்டின் சீருடை, ஐந்தாண்டு கழித்து வந்திருக்கக்கூடிய கல்லூரி உதவித்தொகை எல்லாமே அந்த ஒரு நகர்த்தலில் போயின. ஒரு துறை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கட்டியதை இன்னொரு துறை ஒரு காலை நேரத்தில், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், அவிழ்த்துவிடுகிறது. இரு துறைகளுக்கும் ஒரே அரசுதான் தலைமை.

இது எப்படி நேர்ந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். குடிசை மாற்று வாரியம் 1970-இல் அமைக்கப்பட்டது. அதற்கான சட்டம் 1971-இல் வந்தது. "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்பது அதன் வாசகம். தொடக்க காலத்தில் வாரியம் கட்டிய அடுக்குமாடிகள் பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலோ அருகிலோ எழுந்தன. 1970களின் பிற்பகுதியில் உலக வங்கிக் கடனுடன் நடந்த நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்திலும், இருந்த இடத்திலேயே தெரு, குடிநீர், கழிப்பறை அமைத்து மனைக்கு உரிமை கொடுக்கும் வழி பின்பற்றப்பட்டது. அந்த வீடுகளின் தரத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். என் சக ஆசிரியைகள் பலர் அவற்றில் வளர்ந்தவர்கள், அவர்களே சொல்வார்கள். ஆனால், குடிசை கட்டடமாக மாறிய மறுநாள் காலையில் பிள்ளை அதே பள்ளிக்கு நடந்து போனது.

2000-ஆம் ஆண்டு ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்ததிலிருந்து இந்த வழி மாறியது. அங்கே 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு சுனாமியால் வீடிழந்தவர்களும் குடியேற்றப்பட்ட செம்மஞ்சேரி. அதன் பிறகு பெரும்பாக்கம், எழில் நகர். கூவம் சீரமைப்புத் திட்டத்துக்காக மட்டும் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கணக்கெடுக்கப்பட்டன. நகரின் நடுவே, வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நடந்து போகக்கூடிய இடங்களில் சிதறி இருந்த ஏழைக் குடும்பங்கள், பழைய மகாபலிபுரம் சாலையின் பின்புறத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, ஒரே இடத்தில் குவிக்கப்பட்டன. வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் பலர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அங்கேயும் தண்ணீரில்தான் நின்றார்கள்.

எண்களை வைத்தே பார்க்கலாம். குழந்தைகளின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். அங்கன்வாடிக்கு 400 முதல் 800 பேருக்கு ஒன்று என்பது விதி. கண்ணகி நகர் அளவிலான குடியிருப்பில் குடும்பத்துக்கு நால்வர் என்று வைத்தால் 60,000 பேர். தாராளமாக 800 பேருக்கு ஒன்று என்று கணக்கிட்டாலும் 75 அங்கன்வாடிகள் வேண்டும். எப்போது வேண்டும் என்பதுதான் என் கேள்வி. கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்து முடிந்ததும் சாவி கொடுத்துவிடுகிறோம். அங்கன்வாடிக்குப் பணியாளர் நியமனம் அடுத்த நிதியாண்டில் வருகிறது. பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர் பணியிடம், மாணவர் எண்ணிக்கை கூடிய பிறகு, அந்த எண்ணிக்கையைக் காட்டிக் கேட்ட பிறகு, ஒப்புதலாகி வருகிறது. சாவிக்கும் இவற்றுக்கும் நடுவில் கழியும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு கட்டடத்துக்குப் பெரிதல்ல. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அதுதான் முழு முன்பருவம். பன்னிரண்டு வயது அக்காவுக்கு அதுதான் எட்டாம் வகுப்பு.

பதினான்கு வயதைத் தாண்டிய பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைதான். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களை ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடுக்கிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் பாதியில் இடம் மாறும் பையனைப் பிடித்து நிறுத்த எந்தச் சட்டத்துக்கும் கை இல்லை. அவன் கேட்டரிங் வேலைக்கும் பெயிண்டிங் வேலைக்கும் போகிறான். நாளுக்கு ஐந்நூறு ரூபாய் கொண்டுவரும் மகனைப் பள்ளிக்குத் திரும்பிப் போ என்று சொல்லும் வலு, பாதி வருமானத்தை இழந்த குடும்பத்துக்கு எங்கிருந்து வரும்? கூவம் கரையிலிருந்து மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு வாழ்வாதாரத் தொகை கொடுக்கப்பட்டது. வீட்டு வேலை செய்யும் ஒரு தாய் இரண்டு வீடுகளில் வேலையை இழந்தாலே அந்தத் தொகையைவிட அதிகமாக இழக்கிறார். 2021-இல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் இந்தத் தாய்மார்களுக்குப் பெரிய உதவி என்பதை மறுப்பதற்கில்லை. அது கட்டணத்தைத்தான் மிச்சப்படுத்துகிறது. காலை ஐந்து மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இடையில் பிள்ளை தனியாக இருப்பதை அது என்ன செய்ய முடியும்?

நிர்வாக எல்லையும் ஒரு சிக்கல். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011-இல் மாநகராட்சியில் சேர்ந்தன. பெரும்பாக்கமோ செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்தோ சேத்துப்பட்டிலிருந்தோ அங்கே போகும் குடும்பம் மாவட்டம் மாறுகிறது, ரேஷன் கடை மாறுகிறது, காவல் நிலையம் மாறுகிறது, பிள்ளை மாநகராட்சியின் பொறுப்பிலிருந்து வேறொரு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொறுப்புக்கு மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நாள் விடுப்பும், ஒரு ஜெராக்ஸ் கட்டும், ஒரு வரிசையும் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கே ஓய்வூதிய முகவரி மாற்ற மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியவள் ஆக மாட்டேன். அன்று ஆறு மாடி ஏறிப் போனபோது அந்தத் தாய் மாலையில் வந்து சேர்ந்தார். "வூடு நல்லாத்தான் கீது டீச்சரம்மா. பொம்பளப் புள்ள குளிக்க ஒரு கதவு இருக்குது. அதுக்கே நான் கும்புடணும்" என்றார். அவர் சொன்னதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதவு ஆற்றங்கரையில் இல்லை. ஆகவே, குடும்பங்களை எங்கும் நகர்த்தவே கூடாது என்று வாதிடுபவர்களோடு என்னால் முழுதாக உடன்பட முடியவில்லை. ஆனால், கதவு வேண்டுமா, பள்ளி வேண்டுமா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்க வைக்கும் கொள்கையை நல்ல கொள்கை என்று சொல்லவும் முடியவில்லை.

கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்றாலே குற்றம், கஞ்சா என்று எழுதும் வழக்கத்தைப் பற்றியும் உங்கள் பத்திரிகை உட்பட எல்லாப் பத்திரிகைகளிடமும் எனக்கு வருத்தம் உண்டு. முகவரியைக் கேட்டதும் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட என் பழைய மாணவர்கள் பலர். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய கார்த்திகா அதே கண்ணகி நகர்தான். அன்று அந்த ஊரின் பெயர் முதல் பக்கத்தில் வந்தது. அந்தப் பெண்ணின் வெற்றிக்குக் காரணம் அவளும் அவளுடைய பயிற்சியாளரும் குடும்பமும், நாம் அல்ல.

நகருக்குள்ளேயே வீடு கொடுப்பது நடக்காத காரியம் என்று சொல்லப்படுவதுண்டு. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியிலும் மே மாதத் தொடக்கத்திலும், நீதிமன்ற உத்தரவின்படி ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த மே மாதம்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் நடந்தன. முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பிறகு, அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளில் கட்டப்படும் குடியிருப்புகளில் வீடு ஒதுக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அப்படியானால் முடிகிறது. ஒரு உயிர் போன பிறகு முடிவது அதற்கு முன்னால் ஏன் முடியாது என்ற கேள்விக்கு இடம், நிதி என்பவை மட்டும் பதிலாகா. புளியந்தோப்பு கே.பி.பூங்காவிலும் இருந்த இடத்திலேயேதான் அடுக்குமாடி எழுந்தது. கையால் தொட்டால் உதிர்ந்த பூச்சு பற்றி 2021-இல் எழுந்த சர்ச்சை தனிக் கதை.

அரசு இதில் எதையும் யோசிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2021-இல் மறுகுடியமர்வுக்கும் மறுவாழ்வுக்கும் ஒரு கொள்கை வரைவு வெளியிடப்பட்டது. வாரியத்தின் பெயரே அதே ஆண்டு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. பெயர் மாற்றத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். குடிசை என்ற சொல்லைச் சுமந்த முகவரி பிள்ளைகளுக்கு எவ்வளவு கூச்சம் தந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால், கொள்கை வேறு, சட்டம் வேறு. வண்டி வந்து நிற்கும் காலையில் ஒரு தலைமையாசிரியை எடுத்துக் காட்டி, "இதன்படி நீங்கள் இன்று நகர்த்த முடியாது" என்று சொல்லக்கூடிய ஒரு தாள் வேண்டும்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன். இது செலவு அதிகம் பிடிக்கும் யோசனை அல்ல. நீர்நிலைக் கரையில் கணக்கெடுப்பு நடக்கும்போது குடும்பத் தலைவியின் கைரேகையும் ஆதார் எண்ணும் எடுக்கப்படுகின்றன. அதே படிவத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் எமிஸ் எண்ணும் வகுப்பும் எழுதப்பட வேண்டும். பள்ளிக்குப் போகாத சிறு குழந்தை என்றால் அங்கன்வாடிப் பதிவு எண். குடும்பத்துக்கு வீடு ஒதுக்கும் ஆணையிலேயே பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் இடம் என்பதும் குறிக்கப்பட வேண்டும். புதிய பள்ளித் தலைமையாசிரியரும் பழைய பள்ளித் தலைமையாசிரியரும் அதில் கையெழுத்திட வேண்டும். உண்மையான வெள்ள ஆபத்து இருக்கும் நாட்கள் தவிர, ஜூன் முதல் ஏப்ரல் வரை எந்தக் குடும்பமும் நகர்த்தப்படக் கூடாது. ஆபத்து நாட்களில் நகர்த்தினால் அது தற்காலிகத் தங்கலாக இருக்கட்டும். குலுக்கலில் வீடு ஒதுக்கும்போது, ஒரே தெருவில் இருந்தவர்களை ஒரே பிளாக்கில் வைப்பதற்கு என்ன தடை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அந்தப் பக்கத்து வீட்டு ஆயா அதே மாடியில் இருந்திருந்தால், அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல் ஒரு பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போயிருப்பாள்.

பொதுத் தொகுப்பில் எத்தனை பெயர்கள் நிற்கின்றன என்பது கல்வித் துறைக்குத் தினமும் தெரியும். மறுகுடியமர்வுப் பகுதி வாரியாக அந்த எண்ணிக்கையைப் பிரித்து, நகர்த்தப்பட்ட முப்பதாம் நாளில் வெளியிடுவது ஒரு கணினிப் பணியாளரின் அரை நாள் வேலை. அது பூச்சியம் ஆகும் வரை அந்தத் திட்டம் நிறைவடைந்ததாகக் கணக்கு முடிக்கக் கூடாது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதோவொரு கரையில் இத்தனை வீடுகள் அகற்றப்பட்டன என்ற செய்தியை வெளியிடும்போது, அந்த வீடுகளில் எத்தனை பிள்ளைகள் எந்தெந்த வகுப்பில் படித்தார்கள் என்பதையும் உங்கள் செய்தியாளர் கேட்டு எழுத வேண்டும். அலுவலரிடம் அந்த எண் இருக்காது. பக்கத்துத் தெருப் பள்ளிக்குப் போகச் சொல்லுங்கள். தலைமையாசிரியரின் அறையில், கட்டுப் பிரிக்காத புத்தகங்களை எண்ணினாலே போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியை,
சென்னை.